நூறு வீட்டுச் சோதனை

டயர்க் கடை மாடியில் இரண்டு அறை, எட்டுப் பேர், ஒரே ஒரு மின்விசிறி. கம்பெனி அப்படித்தான் தொடங்கியது. ஆறே வருடத்தில் ஒன்பது மாடிக் கண்ணாடிக் கட்டடமாகிவிட்டது. எந்த ஊரில் யார் சோபாவில் சாய்ந்தாலும் எதிரே ஓடியது அவர்கள் கொடுத்த படம்தான். அந்த எட்டுப் பேரில் மிஞ்சியவர்கள் இருவர்: முதலாளியும் அவனும். முதலாளிக்கு ஊழியர்கள் வைத்த பெயர் 'நிமிஷம்'. சாப்பிட்டாயா என்று ஒருவரையும் கேட்க மாட்டார். நேற்று எத்தனை நிமிஷம் பார்த்தார்கள் என்றுதான் கேட்பார்.

மூன்று பாகம் தொடர்ந்து ஓடினால் திரை நின்று, "இன்னும் பார்க்கிறீர்களா?" என்று கேட்கும். அந்தக் கேள்வியை வைத்தவன் அவன்தான். ஆளில்லாத அறையில் படம் ஓடி நெட் வீணாகிறதே என்று டயர்க் கடை மாடியில் எழுதியது.

அதை எடுத்துவிடச் சொன்னார் நிமிஷம்.

"கடைக்கு வந்தவன்கிட்ட, 'என்ன, கிளம்பலையா'ன்னு கேக்குற கடைக்காரனை எங்கயாவது பாத்திருக்கியா?"

"தூங்கிட்டாங்கன்னா, சார்?"

"தூங்கட்டுமே. தூங்குறவனும் நமக்கு நிமிஷம்தான்."

அவன் போய் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டான்.

எதையும் வெளியே விடுமுன், ஊழியர்களின் சொந்தக்காரர் வீடுகள் நூறில் ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்பார்கள். அவன் எப்போதும் அக்கா வீட்டைக் கொடுப்பான். இந்த முறையும் கை தானாகப் பட்டியலில் அந்தப் பெயரைத் தட்டியது.

அக்கா தனியாள். சர்க்கரை வியாதி, சொல்லாமல் கொள்ளாமல் மயக்கம் வரும். போன வருடம் சமையலறையில் விழுந்து கிடந்தாள். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

"உன் டிவி என்னைக் கேள்வி கேட்டுட்டு, பதில் வராம வாயை மூடிக்கிச்சுடா. பக்கத்து வீட்டு டெய்லரம்மா, 'நாள் பூரா அலர்ற வீடு கப்சிப்னு கிடக்கே'ன்னு வந்து கதவைத் தட்டினா. இப்ப எங்க ரெண்டு பேருக்கும் அதான் ஒப்பந்தம். சத்தம் நின்னு அரை மணி ஆச்சுன்னா அவ வந்து பாக்கணும். சாவிகூட கொடுத்து வச்சிருக்கேன். என் உசுரு சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்குடா!"

நூறு தடவை கேட்ட கதை. பட்டியலில் தட்டியபோது அது நினைவுக்கு வரவில்லை.

அந்த வாரமே வியாழன் காலை பத்து மணிக்குக் கூட்டம். பெரிய திரையில் நூறு வீடுகளும் எண்களாக நின்றன. அறுபத்தெட்டாவது வீடு மட்டும் நாற்பத்தொரு மணி நேரமாக இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"யாருய்யா அந்த மகராசன்?" என்றார் நிமிஷம். "ஆளைக் கூட்டிட்டு வாங்க, மாலை போடணும்."

அவன் போனில் பட்டியலைத் திறந்தான். அறுபத்தெட்டு, அக்கா வீடு. கடைசியாக ரிமோட்டில் கை பட்டது செவ்வாய் மாலை ஐந்து மணிக்கு.

அக்காவை அழைத்தான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அப்படியே. டெய்லரம்மாவை அழைத்தான்.

"அக்காவைப் பாத்தீங்களா?"

"பாக்கல தம்பி. அவங்களுக்கென்ன, ஜம்முனு இருக்காங்க. ராத்திரி பகல்னு இல்லாம டிவி சத்தம்தான்."

"போய்த் தட்டுங்க."

"சத்தம்தான் வருதே தம்பி..."

"திறந்து பாருங்கம்மா!"

அவன் குரல் உயர்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. நிமிஷம் மேசையைத் தட்டினார். "இன்னும் எதுக்கு ஒரு வாரம்? இப்பவே எல்லா வீட்டுக்கும் விட்டுடு."

"சார், வேண்டாம்..." என்று அவன் எழுந்தான். கைதட்டலில் அது அமுங்கிப்போனது. யாரோ பொத்தானை அழுத்தினார்கள்.

காதோடு ஒட்டியிருந்த போனில் செருப்புச் சத்தம். சாவி திரும்பும் சத்தம். கதவு திறந்ததும் டிவி பெரிதாகக் கேட்டது. தொடரில் யாரோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். டெய்லரம்மா ஒருமுறை அக்காவைக் கூப்பிட்டாள். பிறகு செருப்புச் சத்தம் உள்ளே போய் நின்றது.

"தம்பி, நீங்க கிளம்பி வாங்க."

அவளுக்குப் பின்னால் ஒரு பாகம் முடிந்து, அடுத்ததன் இசை தொடங்கியது.

"இந்த டிவியை எப்படி நிறுத்துறதுன்னு எனக்குத் தெரியல தம்பி," என்றாள்.