பற்றறி கழுவிய தண்ணீர்

சாவகச்சேரிச் சந்தைக்குப் பின்னால் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றுதான். மற்றதெல்லாம் உவர். சந்தைக் கடைகளும், இடம்பெயர்ந்து வந்து பள்ளிக்கூடத்தில் கிடந்த சனமும் அதைத்தான் குடித்தார்கள். கிணற்றுக்கு அடுத்த வளவு தில்லைநாதனுடையது.

சண்டைக்காலத் தடையால் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் தங்கமாகிவிட்டிருந்தது. தில்லைநாதன் செத்த கார்ப் பற்றறிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத் தட்டுகளைக் கழுவி, நல்லதைப் பொறுக்கிப் பொருத்தி மறுபடி வேலை செய்ய வைப்பான். அசிட் கிடைக்காத சாமான். துணியில் வடித்துத் திரும்பப் பாவிப்பான். கழுவிய கறுப்புத் தண்ணீரை மட்டும் வளவு மூலையில் இருந்த சுண்ணாம்புக்கல் வெடிப்பில் ஊற்றுவான். கல் நுரைத்துச் சீறும். பிறகு அடங்கும்.

"பாத்தியே, கல்லு திண்டிட்டுது" என்பான் மனைவி கனகாம்பிகையிடம்.

வருடக்கணக்காக ஊற்றினான். பிறகு ஐந்து வயது மகள் கோசலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். முகம் வெளிறியது. பாடமாக்கிய தேவாரம் பாதியில் நின்றது. ஆசுப்பத்திரியில் டொக்டர் அவளுடைய உதட்டைத் தூக்கிப் பல் முரசைப் பார்த்தார். ஈறோரம் நீலக் கோடு ஓடியிருந்தது.

"நீர் என்ன வேலை செய்யிறனீர்?"

"பற்றறி திருத்திறது, ஐயா."

"ஈயம்தான். கழுவிற தண்ணியை எங்கை ஊத்திறனீர்?"

கல் வெடிப்பையும் பக்கத்துக் கிணற்றையும் சொன்னான். டொக்டர் பேனையைக் கீழே வைத்தார்.

"கல்லு அசிட்டைத்தான் தின்னும், ஈயத்தைத் தின்னாது. அது வெடிப்பாலை கீழை இறங்கியிருக்கும். அந்தக் கிணத்துத் தண்ணியை ஒருத்தரும் குடிக்கப்படாது."

"சோதிச்சுப் பாக்கேலாதோ?"

"இஞ்சை காய்ச்சலுக்குப் பனடோல் குடுக்கவே வழியில்லை. சோதனையோ?"

மனைவியையும் பிள்ளையையும் கரவெட்டிக்கு, அவளுடைய தாய் வீட்டுக்கு அனுப்பினான். தொழிலை நிறுத்தினான். கிணற்றடிக்குப் போய் உள்ளதைச் சொன்னான்.

பள்ளிக்கூடத்தில் இருந்த நல்லம்மா குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "ஷெல்லுக்குத் தப்பி வந்தனாங்கள் தம்பி, உன்ரை தண்ணிக்கே சாகப்போறம்? கண்ணாடி மாதிரிக் கிடக்கு."

"கண்ணுக்குத் தெரியாதக்கா. பிள்ளையளுக்குக் குடுக்காதேங்கோ."

"தொழிலை விட்டவுடனை உவனுக்கு மண்டையிலையும் சார்ஜ் இறங்கீட்டுது" என்றார் கடைக்கார முருகேசு. எல்லாரும் சிரித்தார்கள்.

முள்ளை வெட்டி வந்து கிணற்றை மூடினான். விடிந்தபோது முள் யாருடைய அடுப்புக்கோ போயிருந்தது.

தண்ணீர் மணந்தால் குடிக்க மாட்டார்கள். அவனுக்கு மிஞ்சியது அந்த ஒரு யோசனைதான். வீட்டில் பொத்திப் பொத்தி வைத்திருந்த மண்ணெண்ணெயை எடுத்து வந்து, பட்டப்பகலில், எல்லாரும் பார்க்கக் கிணற்றுக்குள் கவிழ்த்தான்.

"மண்ணெண்ணெய்டா பாவி!" நல்லம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "என்ரை பிள்ளையள் இருட்டுக்கை கிடக்குதுகள்!"

முருகேசு கன்னத்தில் அறைந்தார். மற்றவர்கள் காலால் உதைத்தார்கள். அவன் தடுக்கவில்லை.

கொஞ்ச நாள் சனம் தூரத்துக் கிணற்றுக்கு நடந்தது. அவனுக்கு உடம்பு நொந்தாலும் மனது ஆறியது. பிறகு எல்லாரும் சேர்ந்து கிணற்றை அடிவரை இறைத்தார்கள். இறைத்துக் கொட்டிய இடத்தில் எண்ணெய் பளபளத்தது. ஊற்று மறுபடி பொங்கியது.

நல்லம்மா ஒரு செம்பில் தண்ணீரோடு அவனுடைய வாசல் படலையடிக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால், கிணற்றடியில், கடைசிப் பிள்ளை வாளியில் வாய் வைத்து உறிஞ்சிக்கொண்டு நின்றது.

"மணம் போயிட்டுது, தம்பி. நடந்தது நடந்துபோச்சு. இந்தா, குடி."

செம்பை வாங்கினான். தண்ணீர் தெளிந்து கிடந்தது. குடித்தால் இவர்கள் இனிப் பயமே இல்லாமல் குடிப்பார்கள். குடிக்காமல் விட்டாலும் குடிக்கத்தான் போகிறார்கள்.

"வேண்டாமக்கா." செம்பைத் திருப்பிக் கொடுத்தான்.

நல்லம்மா கிணற்றடிக்குத் திரும்பிப் போனாள்.

"வெக்கப்படுறான், பாவம்" என்று சொல்லிவிட்டு வாளியை இறக்கினாள்.