ட்ரவுட் மீனின் எடைச்சீட்டு

வெண்டல் ஹால்வர்சன் உறையை நகல் எடுக்கும் கடையின் மேசைமேல் வைத்தார். அதன்மேல் தன் உள்ளங்கையையும் வைத்தார். ஏரிப் பனிமீன்பிடி சங்கத்தின் நிரந்தரத் தலைவர் அவர். நிரந்தரம் என்று விதியில் இல்லை. எதிர்த்து நிற்க ஆள் வராததால் அப்படியே ஆகிவிட்டது.

பக்கத்தில் சங்கத்தின் செயலாளர் லவோன் பூட்ஸிலிருந்த பனியைத் தட்டிக்கொண்டிருந்தாள். சாட்சிக்கென்று அவர்தான் அவளைக் கூட்டி வந்திருந்தார். அது அவளுக்குத் தெரியாது.

ஜனவரியில் உறைந்த ஏரியின் பனியைத் துளையிட்டு அவர் பிடித்த ட்ரவுட் இருபத்திரண்டு பவுண்டு என்று ஊரே பேசிக்கொண்டது. ஊருக்குச் சொன்னவர் அவர். சுவரில் மாட்ட மீனைப் பதப்படுத்திப் பாடம் செய்கிறவனிடம் சொல்லி அதையும் கொஞ்சம் நீட்டியாயிற்று. உறைக்குள் இருந்த எடைச்சீட்டு மட்டும் பதின்மூன்று என்றது. தூண்டில் கடைப் பழைய தராசு கடகடவென்று அடித்துத் துப்பிய சீட்டு. எடை போட்ட கடைக்காரர் அரிசோனாவில் மகள் வீட்டில் இருந்தார். சீட்டுக்குத்தான் போக இடமில்லை. அன்று மாலை சங்க விருந்தில் அதை லேமினேட் செய்து மீனுக்குக் கீழே மாட்டியாக வேண்டும்.

பொய் எடை சொன்னவருக்குச் சங்கத்தில் இடமில்லை. போன வருஷம் முக்கால் பவுண்டு கூட்டிச் சொன்ன ஒரு பாவியை அந்த விதியைக் காட்டி வெளியேற்றியவரும் வெண்டல்தான். சீட்டு தொலைந்தால் மீன் கணக்கிலேயே வராது. ஆனால் சாட்சி முன்னால் விபத்தில் கெட்டுப்போனால் தலைவர் சொல்லும் எடையே போதும். அந்த விதியும் அவர் எழுதியது.

பெட்ரோல் பில் ஒன்று கார் ஹீட்டர்மேல் கிடந்து கரியாகக் கறுத்ததை அவர் மறக்கவில்லை.

"ஹாட் லேமினேஷன்" என்றார்.

கடைக்காரி ட்ரிஷா உறைக்குள் எட்டிப் பார்த்தாள். "பில்லு தாள் மாதிரி இருக்கே சார். சூடு பட்டா மொத்தமும் கறுத்துப் போனாலும் போயிடும். கோல்டு லேமினேஷன்ல போட்டுடலாம். ஒட்டி அழுத்துறதுதான், சூடே கெடையாது."

"கோல்டு ஸ்கூல் பசங்க ஸ்டிக்கருக்கு. ஓரம் பிரிஞ்சிடும்."

"பிரியாது சார். போட்டோவெல்லாம் அதுலதான் போடுறோம்."

"அவ சொல்றதக் கேளேன் வெண்டல்" என்றாள் லவோன். "கோல்டுலயே போட்டா என்ன கொறைஞ்சிடும்?"

என்ன குறையும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது பவுண்டு.

"லவோன், இது சங்கத்தோட சரித்திரம். நம்ம பேரன் பேத்தி பாக்கணும். ரெண்டு தாளும் உருகி ஒண்ணாகணும். அதான் நிரந்தரம்!"

"மீனுக்கா, உனக்கா?"

ட்ரிஷா தோளைக் குலுக்கினாள். "கெட்டுப் போச்சுன்னா என்னைச் சொல்லக்கூடாது."

"என் பொறுப்பு. லவோன், நீ சாட்சி."

சரித்திரத்தில் பிறர் கை படக்கூடாது என்று சொல்லி, சீட்டைத் தானே எடுத்து, எழுத்து கீழே இருக்கும்படி பிளாஸ்டிக் உறைக்குள் செருகினார். இயந்திரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. உருளைகள் உறையின் நுனியைக் கவ்வின. முகத்தைத் துக்கத்துக்குத் தயாராக வைத்துக்கொண்டார். 'ஐயோ' என்பதா, 'கடவுளே' என்பதா என்பதில் மட்டும் குழப்பம்.

அங்குலம் அங்குலமாக மறுபக்கம் வந்தது. முதுகு வெள்ளை. இன்னும் வெள்ளை. கறுப்பதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் போலும்.

"கடவுளே!" என்றார், எதற்கும் முன்கூட்டியே.

ட்ரிஷா உறையைத் திருப்பினாள். "அட, ஒண்ணும் ஆகல சார்! இது சூட்டுல அச்சாகுற தாளே இல்ல. மை ரிப்பன்ல அடிச்ச பழைய மெஷின் எழுத்து. என்ன பளிச்சுனு வந்திருக்கு பாருங்க. நீங்க சொன்னதுதான் சரி. இனி தண்ணியில போட்டாலும் அழியாது, கிழிக்கவும் முடியாது."

வெண்டல் கையை நீட்டினார். லவோனின் கை முந்திக்கொண்டது. கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். எண்ணின்மேல் விரலை வைத்து இரண்டு முறை படித்தாள்.

"ட்ரிஷா" என்றாள் கடைசியில், "இதப் பெருசா ஒரு காப்பி எடுத்துக் குடும்மா. விருந்துல பின்வரிசையில ஒக்காந்திருக்கறவங்களுக்கும் தெரியணும்."

"அதையும் லேமினேட் பண்ணணுமா மேடம்?"

லவோன் தலைவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஹாட்டா, கோல்டா வெண்டல்?"