கறுப்புப் புள்ளிச் சனிக்கிழமை

பிரேஷா நகரில் எல்லாரும் ஆகஸ்ட் விடுமுறைக்கு நெரிசலில்லாத சாலையைத் தேடிக்கொண்டிருந்தபோது, லொரெதானா மட்டும் நல்ல நெரிசலாக ஒன்று கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தாள். வெளியே சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அதனால் சொல்லவில்லை. கட்டிய கணவனிடமே சொல்லவில்லை.

எல்லாம் மகன் எலியாவுக்காகத்தான். இருபத்தேழு வயது. ரோட்டர்டாமில் பாலம் கட்டும் கம்பெனியில் இன்ஜினியர். ஞாயிறு தவறாமல் போன் செய்வான். ஆனால் பிப்ரவரியிலிருந்து அவன் குரலில் சுரத்தே இல்லை. சாப்பிட்டாயா என்றால் சாப்பிட்டேன் என்பான். வேலை எப்படி என்றால் "போகுதும்மா" என்பான். அந்தப் 'போகுது'வைக் கேட்ட நாளிலிருந்து லொரெதானாவுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. பல் மருத்துவமனை வரவேற்பில் உட்கார்ந்துகொண்டு, பல் பிடுங்க வந்தவர்களுக்கு இரண்டு மாதம் தள்ளி நாள் எழுதிக் கொடுத்துத் திட்டு வாங்கினாள்.

நேரில் உட்கார வைத்துக் கேட்டுவிட வேண்டியதுதானே என்பார்கள், எலியாவைத் தெரியாதவர்கள். முகத்துக்கு நேரே கேட்டால் அவன் வாயில் பூட்டுதான். அவனுக்குப் பேச்சு வருவது ஒரே இடத்தில். அம்மா கார் ஓட்ட வேண்டும், அவன் பின்சீட்டில் உட்கார வேண்டும், அவளுடைய பின்மண்டையைப் பார்த்துக்கொண்டே ஒன்றிரண்டு மணி நேரம் சும்மா வர வேண்டும். நீச்சல் போட்டிகளுக்கு ஊர் ஊராக அவனைக் கூட்டிக்கொண்டு அலைந்த காலத்தில் அவள் கண்டுபிடித்தது இது. பதினான்கு வயதில் கணக்கில் தோற்றதையும், பதினேழில் ஒருத்தி அவனை வேண்டாமென்று சொன்னதையும், இருபத்துமூன்றில் நாட்டை விட்டுப் போகப்போவதையும் அவன் அப்படித்தான் சொன்னான். அவள் 'ம்' கொட்டியதோடு சரி. இப்போது நான்கு வருடமாக அந்தப் பின்சீட்டு காலியாகக் கிடந்தது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கண்ணாடியில் அந்தக் காலி இடத்தைப் பார்த்து அவளுக்கு ஏக்கம் பொங்கும்.

எலியாவுக்கு ஆகஸ்டில் நான்கு நாள் விடுப்பு என்று தெரிந்ததும் அவள் திட்டம் போட ஆரம்பித்தாள். பண்ணை வீடு ஒன்றில் மூன்று இரவு, குடும்பத்தோடு, காரில். பண்ணை வீடு சாக்கு. அவளுக்கு வேண்டியது கார்.

மதிய இடைவேளையில் ஒவ்வொரு பண்ணையாகப் போன் போட்டாள். தொஸ்கானாவில் ஒருத்தி பாசத்தைக் கொட்டினாள்.

"ஸ்டேஷன் பக்கமாங்க?" என்று கேட்டாள் லொரெதானா.

"பத்தே நிமிஷம்! எங்க வீட்டுக்காரரே வந்து கூட்டிட்டு வந்துருவாரு."

"அடடா, இவ்வளவு பக்கமா இருக்கே" என்று வருத்தப்பட்டுப் போனை வைத்தாள். அந்தப் பெண்மணி என்ன நினைத்திருப்பாளோ.

ஒன்பதாவதாக அகப்பட்டது மொலிசே மலையில் ஒரு பண்ணை. எடுத்தவள் கார்மெலினா என்ற விதவை.

"ஸ்டேஷனா? நல்லாக் கேட்டீங்க. பஸ்ஸே செவ்வாய்க்கிழமைதான் வரும். அதுவும் டிரைவருக்கு மனசு வந்தா. கார் இல்லாம வந்துராதீங்கம்மா, நடந்தே செத்துருவீங்க."

"கார்லதாங்க வர்றோம்" என்றாள் லொரெதானா. "நாலு பேரும் ஒரே கார்ல."

வீட்டில் சொன்னதும் பதினாறு வயது மகள் நோயெமி சோபாவில் புரண்டு சிரித்தாள். மொலிசே என்று ஒரு இடமே கிடையாது என்பது நாடு முழுக்க அடிக்கும் கேலி.

"அம்மா, உன்னை நல்லா ஏமாத்திட்டாங்க. இல்லாத ஊர்ல ரூம் போட்டிருக்க."

"ரூம் இருக்குடி. மலை இருக்கு."

"நீச்சல் குளம்?"

"மாட்டுக்குத் தண்ணி காட்டற தொட்டி இருக்காம். இறங்கிக் குளி" என்றான் கொர்ராதோ, குழாய் தொழிற்சாலையில் முப்பது வருடமாக மேஸ்திரியாக இருக்கும் அவள் கணவன். மற்றபடி அவன் எதிர்ப்புச் சொல்லவில்லை. ஐந்நூற்று அறுபது கிலோமீட்டர் ஓட்டலாம் என்றதுமே அவன் முகம் மலர்ந்துவிட்டது.

எலியாதான் இழுத்தான். "பெஸ்காராவுக்கு நேரா ப்ளேன் இருக்கும்மா. நான் அங்க வந்து இறங்கிக்கறேன். நீங்க வர்ற வழியில என்னை ஏத்திக்குங்க."

லொரெதானாவுக்குத் திக்கென்றது. "அந்த ப்ளேனெல்லாம் நம்பாத. மொதல்ல வீட்டுக்கு வா, ஒரு வாய் நல்ல சாப்பாடு சாப்பிடு. எல்லாரும் ஒண்ணாக் கிளம்புவோம்."

"ஆறு மணி நேரம் அப்பாகூட ஒரே கார்லயா?"

"அவர் தூங்கிடுவார்டா."

"ஓட்டறவர் தூங்கினா எப்படிம்மா?"

பல மாதம் கழித்து அவன் சிரித்துக் கேட்டது அன்றுதான். போனை வைத்த பிறகு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதாள்.

ஜூலையில் தொலைக்காட்சியில் நெரிசல் நாள்காட்டி வந்தது. மஞ்சள் புள்ளி என்றால் சுமார், சிவப்பு என்றால் மோசம், கறுப்பு என்றால் கிளம்பவே கிளம்பாதே. இவர்கள் கிளம்பும் சனிக்கிழமைக்குப் பட்டாணி அளவில் கறுப்புப் புள்ளி. லொரெதானா அதைப் பார்த்துக் கும்பிடாத குறை. ஆறு மணி நேரப் பயணம் பத்து மணி நேரம் ஆகும். ரிமினி பக்கத்தில் வண்டிகள் அசையாது. நெரிசலில் மூன்று மணி நேரம் நின்றால் கொர்ராதோ அலுத்துப்போய் ஸ்டியரிங்கைத் தன்னிடம் கொடுத்துவிடுவான். பிறகு எல்லாம் தானாக நடக்கும்.

கொர்ராதோவின் கணக்கு வேறு. 'புத்திசாலிப் பயணம்' என்று தொலைக்காட்சிக்காரர்கள் இருபது வருடமாகச் சொல்லிக்கொடுத்ததை அவன் வேதமாகப் பிடித்துக்கொண்டிருப்பவன்.

"விடியக்காலை நாலு மணி. பல்லு கூடத் தேய்க்க வேண்டாம். ஏறினா நேரா கடல் தெரியணும்."

"பத்து மணிக்குக் கிளம்பலாம்."

"பத்து மணிக்கா? கறுப்புப் புள்ளி அன்னைக்கா? உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா?"

"பிள்ளை எட்டு மாசம் கழிச்சு வர்றான் கொர்ராதோ. வெள்ளிக்கிழமை வந்து சேரவே நேரமாகும். ஒரு நாளாவது அவன் கட்டில்ல அவன் தூங்கி எழுந்திருக்கட்டும்."

பிள்ளை என்றதும் அவன் அடங்கினான். "சரி, உன் இஷ்டம். ரிமினியில வெந்து சாகறப்ப எங்கிட்ட வந்து புலம்பாத."

எலியா வந்தான். இளைத்திருந்தான். கன்னத்தில் முத்தமிடும்போது அவன் கைகளைப் பிடித்தவள் திடுக்கிட்டாள். விரல் மூட்டெல்லாம் வெடித்து, தோல் உரிந்து கிடந்தது. வரைபடம் போடுகிற கையா இது என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். நாளைக்குக் காரில் பார்த்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கிளம்பினார்கள். கொர்ராதோ தூக்குமேடைக்குப் போகிறவனைப் போல ஸ்டியரிங்கைப் பிடித்தான். மோதெனா வந்தது, நெரிசல் இல்லை. போலோஞ்ஞா வந்தது, அங்கும் இல்லை. ரிமினி வந்தபோது சாலை பளிச்சென்று காலியாகக் கிடந்தது. ரேடியோவைப் போட்டபோதுதான் விவரம் தெரிந்தது. கறுப்புப் புள்ளிக்குப் பயந்து வடக்கே இருக்கிற அத்தனை பேரும் நாலு மணிக்கே எழுந்து கிளம்பியிருக்கிறார்கள். விடியற்காலையிலிருந்து ஒன்பது மணி வரைக்கும் நாற்பது கிலோமீட்டருக்கு வண்டி. இப்போது எல்லாம் வடிந்துவிட்டது.

"பார்த்தியாடா எலியா! நாட்டுல உள்ள புத்திசாலி அத்தனை பேரும் காலையிலயே சிக்கிக்கிட்டானுங்க!" கொர்ராதோ துள்ளினான். மனைவியின் கையை இழுத்து முத்தமிட்டான். "உங்கம்மா மூளையே மூளை. இருபது வருஷமா நான்தான் முட்டாளா இருந்திருக்கேன்."

லொரெதானா சிரித்து வைத்தாள். ஆறு மாதமாகப் பார்த்துப் பார்த்துப் போட்ட திட்டம், கிலோமீட்டர் கிலோமீட்டராக ஜன்னலுக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது. பின்சீட்டில் எலியா கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தான். இத்தனை நல்ல சாலையை அவள் வாழ்நாளில் இப்படி வெறுத்ததில்லை.

அவள் அவ்வளவு சுலபத்தில் விடுகிறவளா? ஒரு முறை கழிப்பறை என்றாள். ஒரு முறை காப்பி என்றாள். டயரில் சத்தம் கேட்கிறதே என்று ஒரு முறை நிறுத்தச் சொன்னாள். அங்கோனா தாண்டி ஒரு நிறுத்தத்தில் மரநிழலைப் பிடித்து உட்காரவைத்து, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த இறைச்சியை வைத்த பெரிய பன்னாக மூன்றை கொர்ராதோவின் கையில் திணித்தாள். மேலே இரண்டு துண்டு ப்ளம் கேக். நாலாவது கொட்டாவியில் அவன் தானாகவே சாவியை நீட்டினான்.

"கொஞ்ச நேரம் நீ ஓட்டு. தெர்மொலி எக்ஸிட் வந்ததும் எழுப்பு, அங்கதான் மலைக்குத் திரும்பணும்."

"எழுப்பறேன்."

பெஸ்காரா தாண்டுவதற்குள் அவன் குறட்டை கிளம்பிவிட்டது. லொரெதானா தொண்ணூறுக்கு மேல் மிதிக்கவில்லை. லாரிகளெல்லாம் அவளை முந்திக்கொண்டு போயின.

"அம்மா, அந்த லாரிக்காரன் நம்மளப் பாவமாப் பார்த்துட்டுப் போறான்" என்றாள் நோயெமி. பிறகு அவளும் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தூங்கிப்போனாள்.

ஒர்த்தோனா போயிற்று. வாஸ்தோ போயிற்று. இடதுபுறம் கடல் மின்னிக்கொண்டே வந்தது. லொரெதானா எதுவும் கேட்கவில்லை. கேட்டால் கெட்டது. கழுத்து வலிக்க நேரே பார்த்துக்கொண்டு, சொல்லுடா ராஜா, சொல்லுடா என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே ஓட்டினாள்.

"அம்மா."

"ம்."

"பாலமெல்லாம் ஒண்ணும் இல்லம்மா."

"ம்."

"பிப்ரவரியிலயே பாதிப் பேரை வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. என்னையும்தான். இப்ப ஒரு மீன் கிடங்குல இருக்கேன். ஐஸ் பெட்டி தூக்கறேன்."

அவள் கைகள் ஸ்டியரிங்கை இறுக்கின. அந்த வெடித்த விரல்கள் கண்ணுக்குள் வந்தன. திரும்பி அவனை வாரி அணைத்துக்கொள்ள வேண்டும் என்று உடம்பெல்லாம் துடித்தது. திரும்பவில்லை.

"ஒவ்வொரு ஞாயிறும் உனக்குப் போன் போடறதுக்கு முன்னாடி கண்ணாடி முன்னால நின்னு சிரிச்சுப் பார்த்துக்குவேன். அப்பதான் குரல் நல்லா வரும்னு."

"வரலடா" என்றாள் மெல்ல. "ஒரு நாளும் வரல."

பின்னால் எலியா மூக்கை உறிஞ்சினான்.

"அப்பாவ நினைச்சாதாம்மா. காப்பிக் கடையில எல்லார்கிட்டயும் போட்டோ காட்டறாரு, எம் பையன் கட்டின பாலம்னு. இனி எந்த முகத்தோட அங்க போவாரு? அதனாலதான் நான்..."

வார்த்தை அங்கே நின்றது. அதே நேரம் பச்சைப் பலகை வந்தது: தெர்மொலி, ஆயிரம் மீட்டர்.

லொரெதானாவுக்குத் தெரியும். இண்டிகேட்டர் போட்டால் அந்த டிக் டிக் சத்தம் கேட்கும். சுங்கச் சாவடியில் நிற்க வேண்டும். கொர்ராதோ எழுந்துகொண்டு சீட்டு எங்கே, சில்லறை எங்கே என்று அமர்க்களம் பண்ணுவான். எலியாவின் அந்த 'நான்' அப்படியே உள்ளே போய்விடும். இன்னொரு எட்டு மாதத்துக்கு வராது. ஒருவேளை எப்போதுமே வராது.

ஐந்நூறு மீட்டர். மலையில் கார்மெலினா மாவு பிசைந்து காத்துக்கொண்டிருப்பாள். இருக்கட்டும்.

வலதுபுறம் பிரிவுச் சாலை விரிந்தது, பக்கத்திலேயே ஓடி வந்தது, பிறகு விலகிப் போயிற்று. அவள் நேரே ஓட்டினாள்.

அப்போதுதான் காரில் குறட்டைச் சத்தம் இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தாள். கொர்ராதோ கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, விலகிப் போன அந்தச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணமான நாளிலிருந்து ஒரு திருப்பத்தைக்கூட அவளைத் தவறவிட விடாதவன். கத்தப்போகிறான் என்று அவள் தோள்களைக் குறுக்கிக்கொண்டாள்.

அவன் கத்தவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்தான்.

"அடுத்த எக்ஸிட்டுக்கு முப்பத்தஞ்சு கிலோமீட்டர் இருக்கு" என்றான். "மெதுவாவே ஓட்டு. பையன் பேசி முடிக்கட்டும்."

எலியா பின்சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்தான். பிறகு கேட்டான்.

"அப்பா, நான் வீட்டுக்கே வந்துடட்டுமா?"