முதற்பிடி நெல்

நிதர்சனா கையிலிருந்த பேனையை மேசையில் அறைந்தாள். அவள் எழுதிக் கொடுத்த அறிக்கை எது, திரும்பி வந்திருக்கிற அறிக்கை எது! 'பூக்கும் பருவத்தில் தண்ணீர் கட்டாததால் மணி பிடிக்கவில்லை' என்று ஒரே வரி. அதன்கீழே அவளுடைய பெயரைத் தட்டச்சில் அடித்து, கையெழுத்துக்கு இடமும் விட்டிருந்தார்கள். என்ன துணிச்சல்!

விதைப் பண்ணையின் பரிசோதனைக் கூடத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம். முல்லைத்தீவில் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. "கடற்கரைப் பெட்டைக்கு நெல்லைப் பற்றி என்ன தெரியும்" என்று பணிப்பாளர் பரமலிங்கம் பகிடி விடுவார். அவளும் சிரித்துவைப்பாள். நெல்லின் இருபத்து நான்கு நிறமூர்த்தங்களையும், அதாவது குரோமோசோம்களையும், கண்ணால் கண்டவள் அந்தப் பண்ணையிலேயே அவள் ஒருத்திதான்.

வட்டக்கச்சி ஊர் ஜெயரூபி, பண்ணை தரும் விதையை விதைத்துப் பண்ணைக்கே விதைநெல் விளைவித்துக் கொடுப்பவள். மாரி விதைப்பான இந்தக் காலபோகத்தில் அவளுடைய வயலில் ஒரு பயிர் நிறைகதிராய் நின்றால் பக்கத்துப் பயிரில் பாதி மணி பதர், வெறும் சப்பி. இரண்டுக்கும் ஒரே வாய்க்கால் தண்ணீர்தான். பரமலிங்கம் வயலை எட்டியும் பார்க்கவில்லை. கதிரையில் இருந்தபடியே, "தண்ணி கட்டாமல் நித்திரை கொண்டிருப்பா" என்று தீர்ப்புச் சொன்னார். விதை உற்பத்தியாளர் பட்டியலில் இருந்து அவளுடைய பெயரை வெட்டப்போவதாகக் கடிதமும் போனது.

கடிதம் கிடைத்த அன்றே ஜெயரூபி பரிசோதனைக் கூடத்துக்கு வந்து ஒரு மஞ்சள் முடிச்சை நீட்டினாள். விதைக்கிற நாளில் முதற்பிடி நெல்லைத் துணியில் முடிந்து சாமியறையில் வைப்பதும், தைப்பூசத்தில் முதல் அறுவடையைப் புதிர் எடுக்கும்போது அதைப் புதுநெல்லோடு சேர்த்துப் பொங்குவதும் அவள் வீட்டு வழக்கம். எந்த வருடத்து நெல் என்று தெரியவேண்டுமே என்று பண்ணை கொடுத்த விதைமூட்டையில் தைத்திருக்கும் தொகுதி இலக்கத் துண்டையும் உள்ளே வைத்து முடிவாள்.

"இந்தமுறை பொங்கேல்லைத் தங்கச்சி. பாதி சப்பியை வைச்சுக்கொண்டு கடவுளுக்கு என்னத்தைப் பொங்கிறது? கோவத்தில அப்பிடியே விட்டிட்டன். நான் தண்ணி கட்டினனான். பொய் சொல்லுறன் எண்டு என்ர பேரை வெட்டப் போயினம்."

அந்தக் கோபம் நல்லதாய்ப் போயிற்று. நிதர்சனா நெல்லை முளைக்க வைத்து, வேர்நுனிகளை வெட்டி, ஒளிரும் சாயம் ஏற்றிய டி.என்.ஏ. துண்டுகளை அவற்றின்மேல் விட்டாள். அந்தத் துண்டுகள் தமக்குரிய நிறமூர்த்தத்தில் மட்டுமே ஒட்டும். மூன்றாவதில் சிவப்பு, எட்டாவதில் பச்சை. நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, இருபது முளைகளில் ஒன்பதில் ஒரு சிவப்பின் நுனியில் பச்சையும் ஒரு பச்சையின் நுனியில் சிவப்பும் இருந்தன. இரண்டும் உடைந்து, துண்டு மாறி ஒட்டியிருக்கின்றன. அப்படிப்பட்ட பயிரில் பாதி மணி பிடிக்காது. இரணைமடுக் குளத்தையே திறந்து விட்டாலும் பிடிக்காது. புதுரகம் எடுக்கவென்று கதிர்வீச்சுக் காட்டி வளர்த்த பாத்தியொன்று பண்ணையில் இருந்தது. அந்தப் பாத்தி நெல்லையும் எடுத்துப் பார்த்தாள்; இதே கோளாறு. அதைத்தான் விதைமூட்டைக்குள் கொட்டியிருக்கிறார்கள்.

பரமலிங்கத்துக்கு அவள் எழுதிக் கொடுத்தது இவ்வளவையும்தான். திரும்பி வந்தது அந்த ஒற்றை வரி. கையெழுத்தாவது மண்ணாங்கட்டியாவது! நுணுக்குக்காட்டியில் எடுத்த படத்தையும் இலக்கத் துண்டையும் பைக்குள் திணித்துக்கொண்டு, அடுத்த விதைப்பான சிறுபோகத்துக்குக் கூட்டம் நடக்கிற மண்டபத்துக்குச் சைக்கிளை மிதித்தாள்.

அங்கே பரமலிங்கம் பேசிக்கொண்டிருந்தார். "பொறுப்பில்லாத ஆக்களை விதை நெல் செய்ய விடேலாது. ஜெயரூபியின்ர பேரை வெட்டுறம்." விவசாயிகளின் கமக்கார அமைப்பின் செயலாளர் ஏரம்பு அதைக் கூட்டக் குறிப்பில் எழுதினார். ஜெயரூபி முன்வரிசையில் இருந்தாள்.

நிதர்சனா நேரே மேடைக்குப் போய்ப் படத்தைத் தூக்கிக் காட்டி, கண்டதைக் கண்டபடி சொன்னாள்.

"உம்மைக் கையெழுத்து வைக்கச் சொன்னதே தவிர, கதைக்கச் சொல்லேல்லை" என்று பரமலிங்கம் சீறினார்.

"கையெழுத்து என்ர சேர். பொய்க்கு வைக்கமாட்டன்."

"அது அவாவின்ர வீட்டு நெல்லாயிருக்கும். எங்கட நெல் எண்டதுக்கு என்ன சாட்சி?"

நிதர்சனா இலக்கத் துண்டை எடுத்து வாசித்தாள். "ஏழு, நாலு, ஒன்பது."

மண்டபத்தின் பின்பக்கத்தில், அன்று பங்கிடுவதற்காக அடுக்கியிருந்த விதைமூட்டைகளில் சாய்ந்துகொண்டிருந்த விவசாயி ஆண்டியப்பன் திடுக்கிட்டு எழும்பினார். "பிள்ளை, இன்னொருக்கால் சொல்லுங்கோ!"

அவள் திரும்ப வாசித்தாள். ஆண்டியப்பன் ஒவ்வொரு மூட்டையாய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஐயோ, இதிலயும் அதே நம்பர்தான்!"

மண்டபம் கொதித்தது. நிதர்சனா பரமலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். அறிக்கை கையில் கிடைத்த பிறகும் அதே நெல்லை ஊருக்கே கொடுக்கக் கொண்டுவந்திருக்கிறாரே, இந்த மனிதர்! நெஞ்சில் ஈவிரக்கம் என்பதே கிடையாதா?

ஜெயரூபி எழும்பிப் போய் மூட்டைகளுக்கு முன்னால் நின்றாள். "என்ர பேரை வெட்டுறதெண்டால் வெட்டுங்கோ. இதில ஒரு பிடியும் ஒருத்தற்ற வயலுக்கும் போகாது."

ஒருவரும் அவளை விலக்கவில்லை. ஆண்டியப்பனும் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். பரமலிங்கம் கோப்பைத் தூக்கிக்கொண்டு கதவுப் பக்கம் திரும்பினார்.

ஏரம்பு சற்றுமுன் எழுதிய வரியின் குறுக்கே கோடிழுத்து வெட்டினார். பிறகு அடுத்த வரியில் பேனையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"நில்லுங்கோ சேர். உங்கட முழுப்பேரைச் சொல்லிப்போட்டுப் போங்கோ. எழுதவேணும்."