பாவ்-யுவேயின் கணினியும் மூன்று பச்சைப் பொட்டலங்களும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. கணினியின் உறுப்புகளை எல்லோருக்கும் புரியும்படி விளக்கி ஒரு கட்டுரை வேண்டும் என்று ஒரு பத்திரிகை கேட்டது. 'பிராசசர் என்பது கணினியின் மூளை' என்று தொடங்கினேன். உப்பில்லாத கஞ்சி. அடித்துவிட்டு, நான் வெகுகாலமாகக் குடியிருக்கும் இந்தத் தைவான் மீன்பிடித் துறைமுகத்தைச் சன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். கீழே மீன் விற்கும் பாவ்-யுவே கத்திக்கொண்டிருந்தாள்.

2

முதல் தொடக்கம்: காலைக் கதிரவன் கடல்மீது தன் பொற்...

(வேண்டாம். கதிரவனைப் பார்க்க அவளுக்கு ஏது நேரம்?)

இரண்டாவது: அவள் படகு நிறையக் கானாங்கெளுத்தி மீன். எல்லாப் படகிலும் அதுவே என்பதால் கரையில் வாங்க நாதியில்லை. மாலைக்குள் விற்காவிட்டால் அத்தனையும் கோழித்தீவனம் அரைக்கும் ஆலைக்குப் போகும். மூன்று மணிக்கு இணைய நேரலையில் கூவி விற்றுக்காட்டுகிறேன் என்று பாவ்-யுவே துறைமுகமே கேட்கச் சபதம் போட்டுவிட்டாள். கணினியோ ஒத்திகையிலேயே பொட்டென்று அணைந்தது.

கணினிப் பெட்டியின் தலையில் ஏற்கெனவே ஒரு பச்சைப் பொட்டலம் இருந்தது.* அவள் கணவன் திங்-குவாங் நிதானமாக எழுந்து இன்னொன்று வைத்தான். மறுபடி அணைந்தது, முன்னைவிடச் சீக்கிரம். மூன்றாவதையும் வைத்தான்.

* சோளப்பொரித் தீனி. எந்திரம் சமர்த்தாக இருக்க இங்கே எல்லோரும் வைப்பது. உறை பச்சையாக இருக்க வேண்டும், தேதி தாண்டக்கூடாது, யாரும் தின்னக்கூடாது. முக்கியமாக, வைத்ததை எடுக்கக்கூடாது, எந்திரம் கோபித்துக்கொள்ளும். சிரிக்காதீர்கள், இதை எழுதும் கணினிமேலும் ஒன்று இருக்கிறது.

3

(இந்தப் பகுதி பின்னால் நடந்தது. கட்டுரை விளக்கம் எங்கேயாவது வந்தாக வேண்டுமே.)

என் முதல் வரியைப் படித்துக்காட்டியதும் பாவ்-யுவே முகம் சுளித்தாள்.

"மூளை கீளைன்னு எழுதாதீங்க. பிராசசர்தான் மீன் வெட்டுற கை. ரேம், வெட்டுற பலகை. பலகை சின்னதா இருந்தா கை சும்மா நிக்கும். கடைய மூடினா பலகையக் கழுவிடுறோம்ல, கரண்ட்ட நிறுத்தினா ரேமும் அப்படித்தான். ஹார்ட் டிஸ்க், குளிர் அறை. உள்ள வச்சது மறுநாளும் இருக்கும்."

(கரண்ட் போனால் குளிர் அறை மீன் நாறும், ஹார்ட் டிஸ்க் நாறாது. உவமை நொண்டுகிறது. நொண்டட்டும்.)

"மதர்போர்டு?"

"எல்லாத்தையும் தாங்குற கடைதான். சரி, ஃபேனை விட்டுட்டீங்களே? கதையே அங்கதானே இருக்கு!"

4

பாவ்-யுவே கணினிப் பெட்டியைத் தொட்டாள். வறுக்கும் சட்டிபோலச் சுட்டது. பொட்டலங்களுக்கு அடியில் வரிசையாகத் துளைகள். உழைக்கும் பிராசசர் சூடாகும். அந்தச் சூட்டை ஃபேன் துளைவழியே வெளியே தள்ளும். துளையை அடைத்தால், வெந்து சாகாமலிருக்கக் கணினி தானே அணைந்துகொள்ளும்.

"ஏ கிழட்டுக் குரங்கே! குளிர் அறையில காத்து ஊதுற வாய்க்கு முன்னால பெட்டி அடுக்கினா என்ன ஆகும்?"

"மீன் கெட்டுப்போகும்."

"அப்ப இதோட மூக்க ஏன்யா அடைச்ச?"

"பொட்டலத்துல கை வைக்காத! இன்னிக்குன்னு பாத்து மானத்த வாங்கிடும்!"

"எடுத்தா கோச்சுக்கும், எடுக்கலேன்னா மூச்சு முட்டும். எது தேவல?"

அவள் தயங்கினாள்...

(இல்லை. தயங்கியிருக்கக்கூடியது நான்தான்.) மூன்றையும் ஒரே அள்ளாக அள்ளினாள். "கோச்சுக்காத ராசா, பக்கத்துலயேதான் வைக்கிறேன்" என்று மேசையில் வைத்தாள். சூடு ஆறும்வரை பொறுத்திருந்து கணினியைப் போட்டாள். அந்தக் கணத்தில் அவளை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.

5

"வாங்கக்கா, வாங்க தம்பி! இந்த மீனோட கண்ணப் பாருங்க, என் கண்ணவிடப் பளபளன்னு இருக்கு! வீட்டுக்காரர் மூஞ்சியப் பாக்காதீங்க, அது விக்கிறதுக்கில்ல!"

கணினி அசையவில்லை. ஊர் ஊராக ஆர்டர் கொட்டியது. பெட்டி பெட்டியாகக் கானாங்கெளுத்தி பனிக்கட்டியோடு கிளம்பியது. ஆலை லாரி வந்தது, நின்றது, வெறும் வண்டியாகத் திரும்பியது. துறைமுகமே கைதட்டியது, சன்னலில் நின்று நானும் தட்டினேன்.

"பாத்தியா, பொட்டலம் காப்பாத்திடுச்சு!" என்றான் திங்-குவாங், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ஆமா, மூக்க விட்டு எறங்கினப்புறம்!"

6

காப்பாற்றியது ஃபேனா, பொட்டலமா? இரண்டு முடிவு எழுதினேன், இரண்டையும் கிழித்தேன். முதலில் உங்கள் கணினியின் துளைகளை எது அடைத்திருக்கிறது என்று பாருங்கள். பிறகு முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: எப்படி முடித்தாலும் அந்த லாரியில் ஒரு மீன்கூட ஏறக்கூடாது. ஏற்றினால் பாவ்-யுவே நேரே உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள்.