உருபில்லாக் கொலை

2023 ஆகஸ்ட் 9, புதன்கிழமை. காலைக் காட்சியில் என்னைக் கொலைகாரன் ஆக்கினார்கள். காரணம், படத்தின் பெயரில் ஒரு வேற்றுமை உருபு இல்லை.

பெயர்: 'ஆசிரியர் கொன்றவன்'. விமர்சகர்கள் அனைவரும் நான்கரை நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள். 'சிரித்துக்கொண்டே சாகலாம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை உயர்வு நவிற்சி என்று எண்ணினேன்.

திரையில் ஒரு தமிழாசிரியரைத் தேங்காய்த் துருவியால் கொன்றார்கள். பிணத்தை மடித்துத் தகரப் பெட்டியில் வைத்தார்கள். கால் உள்ளே போகவில்லை. பெட்டி மூடவில்லை. அரங்கம் சிரித்தது. நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவன். சிரிக்கவில்லை.

பக்கத்து இருக்கையில் ஒரு விமர்சகர். அவர் நெற்றியில் நான்கு நட்சத்திரங்கள் முளைத்திருந்தன. ஐந்தாவது பாதி வெளிவந்திருந்தது. அதைச் சொறிந்துகொண்டே சொன்னார்:

"பிளாக் காமெடி சார். சிரிக்கலைன்னா புரியலைன்னு அர்த்தம்."

"புரிந்தது. ஆகவேதான் சிரிக்கவில்லை."

"மெதுவாப் பேசுங்க சார். எனக்கே இன்னும் புரியல."

அப்போது திரையிலிருந்த காவல் ஆய்வாளர் அரங்கினுள் இறங்கினார். எனக்கும் அவருக்கும் இடையே பதினோரு வரிசைகள். அவர் நடக்க நடக்க வரிசைகள் கூடின. இடைவேளை முடிந்த பிறகே வந்து சேர்ந்தார். பார்த்தால், அருமைநாதன். பத்தாம் வகுப்பில் என் மாணவன்.

"வணக்கம் அய்யா. கொன்னது நீங்கதான?"

"என்ன ஆதாரம்?"

"படத்துப் பேருதான் அய்யா. 'ஐ' இல்லைன்னா ஆசிரியர்தான் எழுவாய்னு நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க? அப்ப ஆசிரியர்தான் கொன்னுருக்காரு. இங்க ஆசிரியர் நீங்க ஒருத்தர்தான்."

வாழ்நாளில் முதன்முறையாக அவன் இலக்கணம் சரியாக இருந்தது. கைகளை நீட்டினேன். விலங்கு பூட்டினான்.

"விடுதலைக்கு வழி உண்டா?"

"பேருல 'ஐ' போட்டா போதும் அய்யா. நீங்க கொலைகாரர் இல்லைன்னு ஆயிரும்."

"பிறகு நான் யார்?"

"பொணம்."

விமர்சகர் விழுந்து விழுந்து சிரித்தார். மீதி அரை நட்சத்திரமும் முளைத்தது.

பிழையோடு வாழ்வதா, பிழையின்றிச் சாவதா என்பது எனக்கு ஒரு கேள்வியே அன்று. கையில் விலங்கு இருந்ததால் எழுத இயலவில்லை. சிவப்புப் பேனாவை அருமைநாதனிடம் கொடுத்துச் சுவரொட்டியைத் திருத்தச் சொன்னேன். திரைக்குள் ஏறிப் பெட்டியில் படுத்தேன். கால்களை நானே மடித்துக்கொண்டேன். பெட்டி மூடியது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

பூட்டுத் துவாரம் வழியே சுவரொட்டி தெரிகிறது. நட்சத்திரம் ஐந்தாகிவிட்டது. 'ஐ' இருக்கிறது. 'க்' இல்லை.

'ஆசிரியரை கொன்றவன்.'

இரண்டாம் வேற்றுமை விரியில் வல்லினம் மிகும் என்று அந்த மடையனுக்கு ஓராண்டு முழுவதும் கற்பித்தேன். இதற்காகவா செத்தேன்?

வாசகரே, சிரித்தது போதும், எழுந்திரும். டிக்கெட் கவுண்டருக்கு இடப்புறச் சுவர், மூன்றாவது சுவரொட்டி. 'ரை'க்கும் 'கொ'வுக்கும் இடையில் ஒரு 'க்' போடும். புள்ளியை மறக்காதீர்.