பாலத்துக் காவல்காரி

அந்த நைட் கிளப்பில் பாட்டு என்று எதுவும் ஓடவில்லை. டும் டும் என்று ஒரே இடி. இதோ பாட்டு தொடங்கிவிடும், இதோ தொடங்கிவிடும் என்று காத்திருந்து ஏமாந்துபோனாள் அவள். வேலை பல் லேபில், செயற்கைப் பல் செய்வது. பகல் முழுக்க பல்லை ராவுகிற மெஷினோடு குப்பை கொட்டுகிறவள்தான். ஆனால் அந்த மெஷினை நிறுத்த ஒரு பொத்தான் உண்டு. இங்கே பொத்தானெல்லாம் மேடையில் நின்ற தொப்பிக்காரன் வசம் இருந்தன. அவனோ கையைத் தூக்கித் தூக்கி ஆட்டினானே தவிர, பொத்தான் பக்கமே போகவில்லை.

வீட்டில் ஓர் ஒப்பந்தம் உண்டு. ஒரு சனிக்கிழமை கணவனுடைய கிளப், அடுத்த சனிக்கிழமை அவளுடைய மேசை. கார் ஷோரூமில் வேலை பார்க்கும் கணவனுக்கு நாலு பேரோடு சேர்ந்து ஆடினால்தான் வாரம் முடிந்த மாதிரி இருக்கும். அவளுக்கு மருந்துக்கடைக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, பகடை உருட்டி, எந்த வரைபடத்திலும் இல்லாத ஓர் ஊரைக் காப்பாற்ற வேண்டும். இன்று அவள் முறை. ஆனால் கணவனுக்குக் கிளை மேலாளர் பதவி உறுதியாகிவிட்டது. "இன்னிக்கு மட்டும் விட்டுக்குடு. முதலாளியே வர்றாரு. நீ இல்லன்னா நல்லா இருக்காது" என்றான். சரி என்று தலையை ஆட்டிவிட்டு, அப்போதிருந்து தன்னையே நொந்துகொண்டிருந்தாள்.

வேறு வாரமாக இருந்தால் போய்த் தொலைகிறது என்று விட்டிருப்பாள். மூன்று வருஷமாக நடக்கும் ஆட்டம் அது, ஆளுக்கொரு பாத்திரமாகி வாயால் கதை சொல்லியே ஆடுவது. அதில் அவள் பாலத்துக் காவல்காரி. எதிரிப் படை பாலத்தை மிதிக்கப்போவது இன்றைக்குத்தான். கதையை நடத்துகிறவர் மருந்துக்கடைக்காரர். எடுத்ததற்கெல்லாம் தீர்ப்புச் சொல்வதால் மேசையில் அவருக்கு நாட்டாமை என்று பெயர். நாட்டாமையின் சட்டப்படி, வராதவர்களின் ஆள் ஆட்டத்தில் தூங்கிக்கொண்டிருப்பார். தூங்குகிற காவல்காரியை எதிரி கொஞ்சிவிட்டா போவான்? கெஞ்சிக் கூத்தாடி ஒரு சலுகை வாங்கியிருந்தாள். அவள் முறை வந்ததும் போனில் செய்தி அனுப்புவார்கள். அவள் இருக்கிற இடத்திலேயே உருட்டி, தன் கண்ணால் பார்த்த எண்ணைச் சொல்ல வேண்டும். பகடைக்கு இருபது முகம். பெரிய எண் என்றால் பிழைப்பாள். ஒன்று என்றால் செத்தாள்.

நாற்பதைத் தொடப்போகிறோம், சம்பாதிக்கிறோம், வரி கட்டுகிறோம், இதற்குப் போய் இப்படி நெஞ்சு பதறுகிறதே என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. சிரித்தும் பதற்றம் அடங்கவில்லை. போதாக்குறைக்கு, அந்த இடியில் தரை அதிர, மேசை அதிர, கைப்பைக்குள் போன் அதிர்கிறதா கிளப் அதிர்கிறதா என்றே தெரியவில்லை. எடுத்து எடுத்துப் பார்த்தாள். நடுவில் முதலாளி வந்து காதில் ஏதோ சொன்னார். எச்சில் தெறித்ததே தவிர ஒரு சொல்லும் விழவில்லை. பொத்தாம்பொதுவாகச் சிரித்து வைத்தாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்தால், யாருக்கோ உடம்பு சரியில்லை என்று சொல்லியிருப்பார் போல.

ஒருவழியாகச் செய்தி வந்தது. 'வந்துட்டாங்க. உருட்டு.'

கவுண்டரின் மூலையில் ஒரு சின்ன விளக்கு இருந்தது. கூட்டத்தில் இடித்துப் பிடித்து அங்கே போனாள். பகடை அவளே வார்த்தது, ஈறு செய்கிற ரோஸ் நிறப் பிசினில். உருட்டினாள். அதிர்ந்துகொண்டிருந்த கவுண்டரில் அது நிற்பேனா என்றது. சுற்றியது, தள்ளாடியது, வேகம் குறைந்தது. அவள் குனிந்தாள்.

ஒரு கை பகடையைப் பொத்தி அள்ளியது. கணவனுடைய கை. பகடை அவன் சட்டைப் பைக்குள் போயிற்று. பின்னாலேயே முதலாளி வந்துகொண்டிருந்தார். அவரைப் பார்த்துச் சிரித்தபடியே, "மானத்த வாங்காத. இங்கயுமா?" என்று அவள் காதில் கத்தினான்.

அவனைக் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துவந்தாள். கனத்த கதவு பின்னால் மூடியதும் தெரு அமைதியாக இருந்தது. ஓரமாக ஒரு டாக்ஸி நின்றது.

"என்ன நம்பர் வந்துச்சு?"

வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத முகம் அவனுக்கு. "ஒண்ணு" என்றான், வாயெல்லாம் பல்லாக. "அப்புறம் என்ன, நீதான் ஜெயிச்ச."

அவன் பகடையைப் பார்க்கவே இல்லை; கண் முதலாளி மேல்தான் இருந்தது. அது பொய் என்பதுகூட அவளை அவ்வளவாகச் சுடவில்லை. போன வருஷம் மேசையில் கூட ஆடுகிற நூலகக்காரிக்கு ஒன்று விழுந்தது. ஆட்டத்தில் அந்த நூலகக்காரியின் ஆளான வைத்தியர் செத்துப்போனார். அன்று இவள் வீட்டுக்கு வந்து குழந்தை மாதிரி அழுதாள். கணவன் டீ போட்டுக் கொடுத்து, முழுக் கதையையும் கேட்டு, "அடப்பாவமே" என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் சொன்னான். என் வீட்டுக்காரர் விளையாட மாட்டார், ஆனால் காது கொடுத்துக் கேட்பார் என்று லேபில் ஒருவர் விடாமல் பெருமையடித்திருக்கிறாள். இப்போது அத்தனை பேரிடமும் போய், இல்லை, அன்றைக்கு அவர் கேட்கவே இல்லை என்று சொல்ல வேண்டும் போல அவமானமாக இருந்தது.

"பகடையக் குடு."

கொடுத்தான். "இங்கயே இன்னொரு தடவ போட்டுக்கோயேன்."

"அங்க போய்ப் போடறேன்."

"ஒரு பொம்மைக்காக என் பார்ட்டிய விட்டுட்டுப் போறியா?"

"அந்தப் பொம்மைக்காக மூணு பேரு ஆட்டத்த நிறுத்தி வச்சிட்டு உக்காந்திருக்காங்க. நீயும் வா. விளையாட வேணாம், பக்கத்துல உக்காரு. ஒண்ணு வந்தா என்ன ஆகும்னு மறுபடி சொல்றேன்."

அவன் கதவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். நிஜமாகவே யோசித்தான், அந்த மட்டும் அவனைக் குறை சொல்ல முடியாது. அதற்குள் யாரோ இரண்டு பேர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வர, இடி மொத்தமும் தெருவில் வந்து கொட்டியது. அவன் வாய் அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

அவள் டாக்ஸியில் ஏறினாள். பக்கத்து இருக்கையில் வைத்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"போலாங்களா?" என்றார் டிரைவர்.

"கொஞ்சம் இருங்க."

கிளப் கதவு மெல்ல மூடியது. சத்தம் அடங்கியது. திரும்பிப் பார்த்தாள். வெளியே வந்த இரண்டு பேர் மட்டும் சிகரெட் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"போலாங்க" என்றாள்.